ஒரு சட்டி, ஐந்து தட்டு

மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு புறப்படுகிறவர்கள் மறுநாள் விடியலில்தான் கரை சேருவார்கள். என் கணவர் படகை விட்டு இறங்கி, மீனை இனம் பிரித்துக் கொடுத்து, ஐஸ் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வர ஏழரை மணி ஆகிவிடும். இராத்தூக்கம் கிடையாது. கண் சிவந்திருக்கும், கைவிரல்கள் நீரில் ஊறி வெளுத்திருக்கும். அந்த நேரத்தில் இட்லியும் சட்னியும் வைத்தால் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார். ஆவி பறக்கும் புழுங்கலரிசிக் கஞ்சியை வைத்து, பக்கத்தில் நான்கு சின்ன வெங்காயமும் தணலில் சுட்ட ஒரு துண்டுக் கருவாடும் வைத்தால் இரண்டு கிண்ணம் குடிப்பார். இரண்டாவது கிண்ணத்துக்குப் பிறகுதான் கடலில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குவார்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை நன்றாகச் சமைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். யார், எந்த நேரத்தில், எந்த நிலையில் வந்து தட்டுக்கு முன்னால் உட்காருகிறார் என்று பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார். நான் அத்தை என்றுதான் அழைப்பேன்.

நான் பரமக்குடிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் மாசி, பங்குனி வந்துவிட்டால் களம் முழுவதும் முண்டு மிளகாய் காயும். உருண்டையாக, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பாக இருக்கும் அந்த மிளகாய்க்குத்தான் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. மீன் பற்றி எதுவும் தெரியாது. வாரத்துக்கு ஒரு முறை சைக்கிளில் வரும் மீன்தான் எங்களுக்கு மீன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இங்கே வாழ வந்த முதல் வாரம், சாளைக் குழம்பு வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் கரண்டியை விட்டு நாலு முறை கிண்டினேன். மீன் மொத்தமும் உதிர்ந்து முள்ளும் சதையும் கலந்த கூழாகிவிட்டது.

அத்தை திட்டவில்லை. மறுநாள் மறுபடி சாளை வாங்கிவந்து அடுப்படியில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மீனைப் போட்ட பிறகு கரண்டியை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டார். பழைய துணி இரண்டைக் கையில் சுற்றி, மண்சட்டியின் விளிம்பை இரு பக்கமும் பிடித்து, முறத்தில் அரிசி புடைப்பதற்கு முன் ஒரு சுழற்று சுழற்றுவோமே, அப்படி மெதுவாக ஒரு சுற்று. குழம்பு மீனின் மேல் ஏறி இறங்கியது. சாளை ஒன்றுகூட உடையவில்லை. "இவ்வளவுதான் அம்மா. மீன் போட்ட பிறகு நீ செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை" என்றார்.

அந்தக் குழம்பைத்தான் இன்றுவரை வைக்கிறேன். ஒரு கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புளி, இரண்டு கை சின்ன வெங்காயம், பதினைந்து பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி குழம்புத் தூள், அரை மூடித் தேங்காய். நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, வெங்காயத்தில் பாதியை வதக்கி, மீதிப் பாதியைத் தேங்காயோடும் சீரகத்தோடும் சேர்த்து அரைத்து ஊற்றுவேன். புளிக்கரைசலும் தூளும் பச்சை வாசனை போகக் கொதித்து, எண்ணெய் மேலே மிதக்கத் தொடங்கிய பிறகுதான் மீன். சாளை, நகரை போன்ற சின்ன மீனுக்கு ஐந்து நிமிடம் போதும். விளமீன், பாறை என்றால் எட்டு நிமிடம். மண்சட்டியில் வைப்பவர்கள் மீன் முழுவதும் வேகும்வரை காத்திருக்க வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகும் சட்டி கொதித்துக்கொண்டே இருக்கும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

குழம்புத் தூளுக்கான சாமானை ஆண்டுக்கு ஒருமுறை பங்குனியில் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுவேன். முண்டு மிளகாய் ஒரு கிலோவுக்கு மல்லி இரண்டு கிலோ, சீரகம் 200 கிராம், மிளகு 100 கிராம், விரலி மஞ்சள் 100 கிராம், வெந்தயம் 50 கிராம். மல்லியையும் சீரகத்தையும் சட்டி சூடேறும் அளவுக்கு மட்டும் வறுப்பேன். மிளகாயை வறுக்கவே மாட்டேன், வெயிலில் சலசலவென்று காய்ந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக மில்லில் கொடுத்து அரைப்பேன். மொத்தத்தையும் ஒரே தடவையில் அரைத்து வைத்தால் ஆடி மாதத்துக்குள் மணம் போய், நிறம் மட்டும்தான் மிஞ்சும்.

இனி அந்த ஐந்து தட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீட்டில் என் கணவர், அத்தை, பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன், நான். கணவர் காலையில் வந்து கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்து சோறு கேட்பார். மகள் ஆறரைக்குப் பஸ் ஏறுகிறாள், மதியச் சாப்பாட்டுக்குத் தூக்கு வேண்டும். குழம்பு ஊற்றிய சோறு வகுப்பில் மணக்கிறது என்று ஒரு வருடம் அழுதாள். மகனுக்கு முள் என்றால் பயம். அத்தைக்குப் பல் இல்லை, இரத்தக்கொதிப்பு வேறு. இத்தனை பேருக்கும் தனித்தனியாகச் சமைக்க ஆரம்பித்தால் பகல் முழுவதும் அடுப்படியில்தான். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். இரவில் கால் வீங்கிவிடும்.

இப்போது செய்வது இதுதான். சட்டி ஒன்று. அதிலிருந்து பிரியும் இடங்கள் மட்டும் வேறு வேறு. குழம்பு கொதித்ததும், மீன் போடுவதற்கு முன்னாலேயே ஒரு குழிக்கரண்டி எடுத்து வைத்துவிடுவேன். அதில் வேகவைத்த முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்டால் மகளின் தூக்குக்கு மணக்காத புளிக்குழம்பு. மீனில் முள் குறைவான நடுத்துண்டுகளை மகனுக்கு மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி தோசைக்கல்லில் போட்டு எடுப்பேன். அத்தைக்குத் தலையையும் வாலையும் மஞ்சள் தண்ணீரில் மிளகு, பூண்டு தட்டிப்போட்டு வேகவைத்து, வடிகட்டி, குழைந்த சோற்றில் ஊற்றி, வெந்த சதையைக் கையாலேயே தடவிப் பார்த்து முள் எடுத்துப் பிசைந்து கொடுப்பேன். மீன் முள்ளைக் கண்ணால் தேடினால் தப்பிவிடும். விரல் நுனிதான் கண்டுபிடிக்கும்.

ஐந்தாவது தட்டு என்னுடையது. பல வருடம் அது தட்டாகவே இல்லை. சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுத் துடைத்துச் சாப்பிட்டுவிடுவேன். ருசிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மகள் பத்து வயதில் ஒருநாள், தன் தட்டிலிருந்த துண்டை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கவில்லை அம்மா" என்றாள். பொய் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து மீனை வெட்டும்போதே ஐந்தாக எண்ணி வெட்டுகிறேன். அத்தைக்குச் சோறு பிசைந்து கொடுக்கும் அதே நேரத்தில் நானும் தட்டு வைத்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அத்தையின் சமையலை நான் உண்மையாகப் புரிந்துகொண்டது மகள் பிறந்தபோதுதான். நாற்பது நாள் எனக்குக் காரல் சொதிதான். காரல் மலிவான மீன், உள்ளங்கை அகலம், வெள்ளித் தகடு போலிருக்கும், முள் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று இந்தக் கரையில் எல்லோரும் கொடுப்பார்கள். அத்தை தினமும் அதே சொதிதான் வைத்தார். ஆனால் நான் அழுத நாளில் பூண்டு கூடுதலாக இருக்கும், தூங்காத நாளில் தேங்காய்ப்பால் கெட்டியாக இருக்கும், வயிறு மந்தமான நாளில் மிளகு மட்டும் போட்டுத் தெளிவாக வரும். ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவார்.

இனி வருவது மனது வலிக்கும் பகுதி. ஆனால் இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. அப்போது எங்கள் வீட்டிலும் மீனை விலைக்குத்தான் வாங்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாள், தெருவில் வந்தவரிடம் கானாங்கெளுத்தி வாங்கினேன். கண் பளபளப்பாகத்தான் இருந்தது, நாற்றம் எதுவும் இல்லை. ரேஷன் கடையில் வரிசை நீளும் என்று மீனைப் பாத்திரத்தில் போட்டு மூடிவைத்துவிட்டு ஓடினேன். சித்திரை வெயில். திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. வந்து கழுவி, மசாலா தடவி, மொறுமொறுப்பாகப் பொரித்தேன். மகன் மூன்று துண்டு சாப்பிட்டான். அரை மணி நேரத்தில் அவன் முகமும் காதும் நெருப்புப் பட்டது போல் சிவந்தன. உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி, வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, மாலைக்குள் தெளிந்துவிட்டான்.

மருத்துவர் விளக்கியது இன்றும் காதில் இருக்கிறது. கானாங்கெளுத்தி, சாளை, சூரை போன்ற மீன்களைக் குளிர்ச்சி இல்லாமல் வைத்தால், கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். மீன் நாறுவதற்கு முன்பே அது சேர்ந்துவிடும். பொரித்தாலும், கொதிக்கவைத்தாலும், பிறகு ஃப்ரீசரில் வைத்தாலும் அது அழியாது. பிள்ளைக்கு மீன் ஒவ்வாது என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம், மீனை வைத்திருந்த விதம்தான் காரணம் என்றார். கடலோடியின் வீட்டில், என் கையால், என் பிள்ளைக்கு நடந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

அதன் பிறகு வழக்கத்தை மாற்றிவிட்டேன். மீன் வாங்கக் கிளம்பும்போதே மூடியுள்ள ஒரு வாளியும், பத்து ரூபாய்க்கு உடைத்த ஐஸும். மீன் ஒரு பங்கு என்றால் ஐஸும் ஒரு பங்கு, அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ். வெட்டப் போகும் நிமிடத்தில்தான் வெளியே எடுப்பேன். பொரிக்க மசாலா தடவி ஊறவைப்பதும் ஃப்ரிட்ஜுக்குள்தான். விற்பவரிடம் ஐஸ் இல்லை என்றால், கண் எவ்வளவு பளபளத்தாலும், செவுள் எவ்வளவு சிவந்திருந்தாலும், வெயில் ஏறிய பிறகு அந்த மூன்று மீனையும் வாங்குவதில்லை. அன்றைக்குக் கருவாடு இருக்கிறது, பருப்பு இருக்கிறது.

தடைக்காலத்தில் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் மீன் அடியோடு இல்லாமல் போகாது. விலைதான் கைக்கு எட்டாது. வருமானம் நின்ற வீட்டில் பிள்ளைகள் அதைத் தட்டில்தான் முதலில் உணர்வார்கள். தட்டு மாறினாலும் அதன் சூடும் நேரமும் மாறக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பங்குனியிலேயே கருவாடு சேர்த்துவிடுவேன். நெத்திலி, சாளை, திருக்கை, கொஞ்சம் சீலா. மணலில் பரப்பிக் காயவைத்ததை வாங்காதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் பல்லில் நறநறவென்று கடிபடும். வலையைத் தூக்கிக் கட்டி அதன்மேல் காயவைத்ததுதான் நல்லது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி இரண்டு நாள் நல்ல வெயில் காட்டி, பனையோலைப் பெட்டியில் வைப்பேன். சமைக்கும் முன் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, அரிசி கழுவிய தண்ணீரில் மறுபடி பத்து நிமிடம். திருக்கைக்கு இன்னும் ஒரு தடவை. குழம்பில் உப்பே போடாமல் கருவாட்டைப் போட்டு, கொதித்த பிறகு ருசி பார்த்துத்தான் உப்பு. பெரும்பாலும் தேவையே இருக்காது. மொச்சையும் கத்தரிக்காயும் சேர்ந்தால் கால் கிலோ நெத்திலிக் கருவாடு ஐந்து பேருக்கு இரண்டு வேளைக்கு வரும்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை லாத்தா என்றுதான் அழைப்போம், அவர் கீழக்கரைக்காரர். புளியாணம் அவரிடம் கற்றது. புளித்தண்ணீரில் தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். பருப்புச் சோற்றுக்கு அதைவிட ஒன்று வேண்டாம். நோன்பு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து தூக்கு நிறைய நோன்புக்கஞ்சி வரும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் கரைந்த அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான், காய்ச்சலில் கிடந்த என் மகள் ஒருமுறை மூன்று நாளுக்குப் பிறகு வாய் திறந்து "இன்னும் கொஞ்சம்" என்றாள். கறி சேர்க்காமல் அதே கஞ்சியை இப்போது மழைக்காலத்தில் நானும் வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், படகு போகாது. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் அந்த நாட்களுக்கு அது ஏற்ற உணவு.

கஞ்சிப்பாசி என்ற கடல்பாசி பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் கரைக்கு வெளியே பலருக்குத் தெரியாது. பாசி எடுக்கப் போகும் பெண்கள் கொண்டுவருவார்கள். அதை நல்ல தண்ணீரில் அலசி அலசி வெயிலில் போட, நாலைந்து நாளில் வெளுத்துவிடும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரையக் கொதிக்கவைத்து வடிகட்டி, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்தால் கஞ்சி. ஆறவிட்டால் தானே உறைந்துவிடும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கடையில் ஐஸ்கிரீம் கேட்கும்போது இதைத் துண்டு போட்டுக் கொடுப்பேன். மகள் மூக்கைச் சுளிப்பாள், மகன் கிண்ணத்தை நக்குவான்.

அத்தையின் உப்புதான் எனக்கு நீண்ட போராட்டமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இரத்தக்கொதிப்பு ஏறி மயங்கி விழுந்தார். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் மொத்த உப்பும் அடங்க வேண்டும் என்றார்கள். அறுபது வருடம் கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்ட நாக்கு. முதல் வாரம் தட்டைத் தள்ளிவிட்டார். "என்னை நோயாளி ஆக்கிவிட்டீர்கள்" என்றார். அவருக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் சமைத்ததுதான் நான் செய்த தவறு. எல்லோரும் ஒன்றைச் சாப்பிட, தனக்கு மட்டும் வேறொன்று என்பது அவரை உப்பில்லாததைவிட அதிகமாக வருத்தியது.

பிறகு சட்டி முழுவதற்குமே உப்பைக் குறைத்தேன். ஒரே நாளில் குறைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு சிட்டிகை வீதம் குறைத்தேன். குறைந்த உப்பை ஈடுகட்ட, தணலில் சுட்ட ஒரு முண்டு மிளகாயையும் நாலு மிளகையும் அம்மியில் நசுக்கிக் கடைசியில் போட்டேன். புளியைக் கொஞ்சம் கூட்டினேன். இறக்கிய பிறகு பச்சைச் சின்ன வெங்காயம் இரண்டைத் தட்டிப் போட்டேன். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு வைத்தேன், வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்று. முதலில் போட்டார்கள். ஒரு மாதத்தில் உப்புக் கிண்ணத்தை யாரும் தொடவில்லை.

இந்த ஜூன் மாதம் தடை முடிந்து படகுகள் போய்த் திரும்பிய முதல் காலையில், படகில் சமைத்த குழம்பில் மிச்சம் இருந்ததைக் கணவர் தூக்கில் கொண்டுவந்தார். படகுக் குழம்பு என்றால் அத்தைக்கு உயிர், அவர் கணவரும் கடலோடிதானே. ஆசையாக ஒரு வாய் கொடுத்தேன். வாயில் வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தண்ணீர்ச் செம்பை எட்டி எடுத்து, "என்ன தம்பி, கடலையே அள்ளி ஊற்றிவிட்டீர்களா?" என்று என் கணவரைக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ நேற்று வைத்தது இருக்கிறதா, அம்மா? அதை ஊற்று" என்றார்.